வலப்பக்கத்து இருக்கை

எங்கள் காரில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வது. ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிற வண்டி அது. சாலையின் இடது ஓரமாகப் போக வேண்டிய நம் நாட்டில், ஓட்டுகிறவர் சாலையோர ஓடைப் பக்கம் உட்கார்ந்திருப்பார். எதிரே என்ன வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. மற்ற கார்களில் டிரைவர் இருக்கிற வலப்பக்கத்து இருக்கையில், ஸ்டீயரிங்கும் இல்லாமல் பிரேக்கும் இல்லாமல் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் "போகலாமா?" என்று கேட்பார். கழுத்தை நீட்டிப் பார்த்து "போகலாம்" என்றால் தாண்டுவார். "வேண்டாம்" என்றால் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து வருவார். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் மறுபேச்சில்லாமல் என் சொல்லைக் கேட்பது அந்த ஒரு இடத்தில்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அவருடைய அண்ணன் குவைத்திலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த ஜப்பான் கார். பிறகு அண்ணன் தன் மகனோடு இருக்க வெளிநாடு போனபோது, "வேற ஆருக்கும் கொடுத்திராத" என்று தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். ஆட்டோ நுழையவே முனகுகிற சந்து அது. அதற்குள் இந்த நீளமான வண்டி வந்து நின்றால், சுமை தூக்குகிறவர்கள் "சேச்சீ, கப்பல் வந்நல்லோ" என்று சிரிப்பார்கள். பின்பக்கத்தில் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அவருக்கு அந்த எழுத்தில் ஒரு பெருமை. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம், என் பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டியதுதானே என்று நினைத்துக்கொள்வேன். பாதி வண்டியை நான்தானே ஓட்டுகிறேன்.

பழைய வண்டியை வைத்திருப்பது என்பது வயதான மாமனாரை வைத்துப் பார்ப்பதைப் போல. சில வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் ஓடத் தகுதி உண்டு என்று எழுதி வாங்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார். இடது பக்க ஸ்டீயரிங் என்பதால் இண்டிகேட்டரைக் கூடுதலாகவே போட்டுப் பார்ப்பார். ஓட்டுகிறவரால் சாலைப் பக்கம் கையை நீட்டிக் காட்ட முடியாதல்லவா. டிக்கியைத் திறக்கச் சொன்னாலும் சொல்வார். வண்டி நின்றுபோனால் சாலையில் வைக்கிற சிவப்பு முக்கோணம் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டாலும் கேட்பார்.

அதற்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு முக்கோணமும் ஒரு முதலுதவிப் பெட்டியும் தொங்கும். பரிசோதனைக்குப் போகிற பழைய கார்கள் எல்லாம் அந்த இரண்டையும் டிக்கியில் வைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, திரும்பி வந்து ஆணியில் மாட்டிவிடும். பெண் பார்க்க வருகிற அன்று பக்கத்து வீட்டு நெக்லஸை இரவல் வாங்கிப் போடுவது மாதிரிதான். எங்கள் கப்பலும் போன மழைக்காலத்துக்கு முன் அப்படித்தான் பாஸானது. திரும்பி வரும்போது முக்கோணத்தை மடியில் வைத்துக்கொண்டு, இது எத்தனை காரோடு ஊர் சுற்றியிருக்குமோ என்று நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அவராவது, "ஒண்ணு நாமளே வாங்கிப் போட்டா என்ன?" என்று கேட்டார். நான்தான், "டிக்கியில அண்டாவும் குத்துப்போணியும் ஏத்தணும். இத வேற எங்க வைக்க?" என்று அவர் வாயை அடைத்தேன். எனக்கு வாய் அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குப் போனோம். பாஸான வண்டிக்கு ஒரு உலா. மலைமேல் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக மூடுபனி மட்டும்தான். நாங்கள் கொண்டுபோன புளிசாதத்தைக் காருக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். பாதி இறக்கத்தில், ஒரு கொண்டைவளைவு தாண்டியதும், வண்டி இரண்டு தடவை விக்கியது. பிறகு நின்றுவிட்டது.

"கார்ப்பரேட்டர்ல அழுக்கு கேறியிருக்கு ஆக்கும். இப்ப சரியாக்கிருவேன்" என்று அவர் பானட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே தலையை விட்டார். அந்தத் தலை வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரியும். இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒன்றாக மினுங்க விட்டிருந்தார். பாட்டரி கிழம். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மஞ்சளாகிச் சோர்ந்தது. இருக்கிற கொஞ்சம் உயிரையும் விட வேண்டாம் என்று அணைத்துவிட்டார்.

பின்னால் வளைவு. வளைவைச் சுற்றிப் பனி. மேலிருந்து யாராவது இறங்கி வந்தால் நேராக எங்கள் முதுகில்தான் வந்து மோதுவார்கள்.

முக்கோணம் இல்லாதவர்களுக்கு மரக்கொம்புதான் முக்கோணம். இலையோடு ஒரு கொம்பு சாலையில் கிடந்தால் முன்னால் ஒரு வண்டி நின்றுபோயிருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் ஓரத்தில் நின்ற ஒரு மரத்திலிருந்து அகல இலைக் கொம்பொன்றை ஒடித்துத் தந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு வளைவுவரை மேலே நடந்தேன். காற்று அடித்துப் போகாமல் இருக்க அதைச் சுற்றிக் கல் வைத்தேன். ஓடையிலிருந்து பொறுக்கிய நல்ல கற்கள். எடுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பாத்திரக்கடைக்காரிக்கு அடுக்கவா தெரியாது? பெரியதை அடியிலும் சிறியதை மேலேயும் வைத்து, பாதிச் சாலைக்கு வரிசையாக அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வண்டி உருண்டுவிடாமல் முன்சக்கரத்துக்கு அடியிலும் ஒரு கல் கொடுத்தேன்.

இந்தக் கல் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. வண்டி சரியானதும் கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை பாலராமபுரம் பக்கத்தில், அப்படிக் கிளம்பிய ஒரு டெம்போவைக் கையைக் காட்டி நிறுத்தி, டிரைவரை இறங்க வைத்து, கல்லை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். "சேச்சிக்கு வேற பணியில்லே?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் எடுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு பைக் மேலே ஏறி வந்தது. மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒருவர், பின்னால் அதே கோலத்தில் ஒரு பெண், மடியில் ஒரு சாக்கு. மேலே ஏதோ கடைக்குச் சரக்கு போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் மெதுவாக்கி, "வல்லதும் வேணுமோ?" என்று, ஏதாவது உதவி வேண்டுமா என்று அந்தப் பெண்தான் கேட்டாள். "வேண்டா, வேண்டா, ஆயி" என்று பானட்டுக்குள்ளிருந்து இவர் கையை ஆட்டினார். அவர்கள் என் கல்வரிசைக்கு மறுபக்கமாக வளைந்து போனார்கள்.

கடைசியில் அவர் தலை வெளியே வந்தது. கூடவே மழையும் வந்தது. பாட்டரியில் ஸ்டார்ட் செய்கிற அளவுக்குத் தெம்பு இல்லை. இறக்கத்தில் உருட்டிவிட்டு இரண்டாவது கியரில் போட வேண்டும். "ஓடத் தொடங்கினா பின்ன நிப்பாட்டக் கூடாது, கேட்டியா? நின்னுதுன்னா நம்ம ராத்திரி இங்கதான்" என்றார். நான் முன்சக்கரத்துக் கல்லை உருட்டி ஓடையில் தள்ளிவிட்டு ஓடிப்போய் ஏறினேன். சேலை முழுக்கச் சேறு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது, ஒரு குலுக்கு குலுக்கியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பின்னால பாத்துக்கோ. போகலாமா?"

வலப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வண்டி எதுவும் வரவில்லை. மழையில் பனி கொஞ்சம் விலகி வளைவு தெரிந்தது. வளைவில் என் கொம்பு கிடந்தது. அதைச் சுற்றி என் கல் வரிசை, நான் அடுக்கிய அழகோடு அப்படியே இருந்தது.

நான் மறக்கவில்லை. பார்த்தேன். பார்த்ததும் நினைத்தேன். நிறுத்தச் சொன்னால் எஞ்சின் நின்றுபோகும். மழையில் இறங்கி மேலே ஏறிப் போக வேண்டும். இடுப்பு வலிக்கிறது. பின்னால் வருகிற யாராவது எடுத்துப் போடுவார்கள். இவ்வளவும் ஒரு கண் சிமிட்டலுக்குள் நினைத்தேன். நினைத்துவிட்டு, "போகலாம்" என்றேன்.

அடிவாரத்தில் கல்லாறு வந்ததும் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமல் அவர் உள்ளேயே இருக்க, நான் இறங்கி டீ வாங்கப் போனேன். கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கியபோது மேலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து எங்கள் காருக்குப் பக்கத்தில் பிரேக் போட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சேச்சீ, காறில் ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி உண்டோ? ஒரு பெண்ணு பைக்கீந்நு வீணு" என்றார். பைக்கிலிருந்து ஒரு பெண் விழுந்துவிட்டாளாம்.

எங்கள் டிக்கியில் ஒரு பாயும் புளிசாதப் பாத்திரமும்தான் இருந்தன. பெட்டி ஒர்க்‌ஷாப் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜீப்பின் பின்னால் எட்டிப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும் அவளுக்கு. முகம் வெளுத்துப்போயிருந்தது. வலது மணிக்கட்டு மணிக்கட்டு மாதிரி இல்லை. பக்கத்தில் அவள் புருஷன், முழங்காலில் பேன்ட் கிழிந்து ரத்தம். "என்ன ஆச்சு?" என்று தமிழில்தான் கேட்டேன், பதற்றத்தில். அவனும் தமிழில் சொன்னான்.

"வளைவுல கல்லு கெடந்துது. மஞ்சுல தெரியல. கேறிட்டேன்."

டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. கடைக்காரரிடம் பழைய நியூஸ்பேப்பர் வாங்கிக் கெட்டியாக மடித்து, அவள் கைக்கு அடியில் கொடுத்து, இவர் தோளில் கிடந்த துண்டால் கட்டினேன். கட்டி முடித்துக் கையை எடுக்கப் போனபோது அவள் இடது கையால் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, விடாதீங்க" என்றாள். நான் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். இவரைப் பின்னால் வரச் சொன்னேன்.

வித்துரா ஆஸ்பத்திரி வரை ஜீப் டிரைவர் பொரிந்துகொண்டே வந்தார். "ஏதோ தெண்டி கல்லும் வெச்சிட்டு போயிரிக்குந்நு. அவன்டெ கையாணு ஒடியேண்டது." கல்லை விட்டுப் போனவன் கைதான் ஒடிந்திருக்க வேண்டுமாம். அவள் புருஷன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுக்கினாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "எப்படித்தான் மனசு வருதோ" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

வித்துராவில் பார்த்துவிட்டு, எலும்பு மோசமாக உடைந்திருக்கிறது, நகரத்துக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். எங்கள் காரில்தான் கொண்டுபோனோம். பின் இருக்கையில் பெல்ட் கிடையாது. அந்தக் காலத்து வண்டி. அவள் ஆடாமல் இருக்க அவள் புருஷன் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்து ஒரு சின்ன முனகல் வரும். இவர் "போகலாமா?", நான் "போகலாம்" என்று, வழி நெடுக எங்கள் பாட்டு அதுதான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவள் புருஷன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இவர் கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏட்டி, அது நம்ம கல்லுதானே? மழையில ரெண்டு பேரும் மறந்துட்டோமே. நானாவது கேட்டிருக்கணும்" என்றார். நான் சேற்றுச் சேலையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பாமலே "ஆமா" என்றேன். சொல்லிவிடுவோமா என்று கேட்டார். கை முதலில் சரியாகட்டும், வலியில் கிடக்கிறவளிடம் போய் எதற்கு என்றேன். நியாயமாகத்தான் பட்டது அவருக்கு.

மறுநாளே அவர் முக்கோணம் வாங்கினார். ஒன்று போதாதென்று இரண்டு. முதலுதவிப் பெட்டி, டார்ச், மழைக்கோட்டு, சக்கரத்துக்கு வைக்க ரப்பர் கட்டை. இப்போது டிக்கியில் ஒரு குத்துப்போணி வைக்க இடமில்லை. டயரில் காற்றுப் பார்க்க நிறுத்தினால்கூட முக்கோணத்தை விரித்து வைத்துவிட்டுத்தான் குனிவார். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. அவர் தன் பங்குக் குற்றத்தை அப்படித் தீர்த்துக்கொள்கிறார். என் பங்கு அந்த டிக்கியில் அடங்காது.

கை உடைந்த அவளுக்குப் போனக்காடு எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் வீடு. எஸ்டேட்டில் வேலை ஒழுங்காக இல்லாததால் வித்துராவில் ஒரு ஹோட்டலில் மாவு பிசைகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புரோட்டாவுக்குப் பிசைவது என்றால் மணிக்கட்டு திரும்ப வேண்டும், அழுத்த வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கை பாதிதான் திரும்பியது. ஹோட்டலில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் அவளே போனில் சொன்னாள். அழாமல், மழை பெய்தது வெயில் அடித்தது என்று சொல்கிற மாதிரி. சொல்லி முடித்துவிட்டு, "அக்கா சாப்ட்டாச்சா? இடுப்பு எப்படியிருக்கு?" என்று கேட்பாள். அவளிடம்போய் நான் இடுப்புவலியைப் பற்றி எப்போதோ புலம்பியிருக்கிறேன்.

பஸ் கண்டக்டரிடம் தேயிலைத் தூள் கொடுத்து அனுப்புவாள். இவர் அதில் டீ கேட்பார். நான் வேறு தூளில் போட்டுக் கொடுப்பேன். அவள் அனுப்பிய பொட்டலங்கள் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. எறியவும் மனமில்லை.

போன மாதம் இவர்தான் பிடிவாதமாகப் போனக்காட்டுக்குக் கிளம்பினார். இன்று சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். வழியெல்லாம் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். லயத்துக்குப் போனதும் அவள் புருஷன் வண்டியைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டான். இவர் பானட்டைத் திறந்து காட்டத் தொடங்கிவிட்டார். வீட்டுக்குள் நானும் அவளும் மட்டும். அவள் இடது கையால் கெட்டிலைத் தூக்கிக் கட்டன் சாயா ஊற்றினாள். வலது கையை டம்ளருக்கு முட்டுக் கொடுக்க மட்டும் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் ஒத்திகை எல்லாம் போய்விட்டது.

"அந்தக் கல்லு நாங்க வச்சது" என்றேன்.

அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும் அக்கா" என்றாள். "மேல போவும்போ வல்லதும் வேணுமோன்னு கேட்டது நாந்தானே. ஹெல்மெட்டு போட்டிருந்தேன், உங்களுக்கு மனசிலாயிருக்காது. உங்க வண்டிய மறக்க முடியுமா? கல்லாத்துல பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? ஜீப்புல என் கையைப் பிடிச்சிட்டு இருந்தீங்க. அந்த டிரைவர் வேற அப்படித் திட்டுறாரு. பாவமா இருந்துது."

பாவமாம். எனக்காக. "எப்படித்தான் மனசு வருதோ" என்று நான் சொன்னதையும் அப்போது அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தலை நிமிரவில்லை எனக்கு.

"இவருக்குத்தான் தேஷ்யம்" என்று வெளியே கையைக் காட்டினாள். "எவ்வளவு நாள் எங்கிட்ட கெடந்து கத்தினாரு. நாந்தான் சொன்னேன், மழைக்குள்ள மறந்துபோயிருப்பாங்க, ஆருக்கும் பத்தும், சகஜம்தான்னு." டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "மறந்துதானே போச்சு, அக்கா?"

வெளியே எஞ்சினை ஒரு தடவை உறுமவிட்டு இவர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அன்று காரின் கண்ணாடியில் நான் பார்த்த வளைவு, கொம்பு, கல் வரிசை எல்லாம் என் கண் முன்னால் இருந்தன.

"ஆமா" என்றேன். "மறந்துபோச்சு."

அவள் முகம் தெளிந்தது. "அதான் நானும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, சீனி போதுமா என்று கேட்டாள்.

திரும்பும்போது இவர் விசிலடிக்காத குறை. "சொல்லிட்டியா? என்ன சொன்னா? பாத்தியா, மனசு எவ்வளவு லேசாச்சு" என்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். வித்துரா தாண்டியதும் முன்னால் ஒரு பஸ் மாட்டியது. நேரான சாலை. அவர் இண்டிகேட்டரைப் போட்டார்.

"போகலாமா?"

கழுத்தை நீட்டிப் பார்த்தேன். வெகு தூரத்துக்கு எதிரே ஒன்றுமில்லை. வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார், என்னைத் திரும்பிப் பார்த்தார், இண்டிகேட்டரை அணைத்தார். சாலை காலியாகத்தான் கிடந்தது. நெடுமங்காடு வரை அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே வந்தோம்.